ஒரு நாள் பிந்தினால் கிரிப் ‘கறுப்புப் பட்டியலா’?

“கடனட்டைப் பணத்தை ஒரு நாள் பிந்திக் கட்டினாலும் கிரிப் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிவிடும், பிறகு ஆயுளுக்கும் கடன் கிடைக்காது” என்றொரு வட்ஸ்அப் செய்தி ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் சுற்றி வருகிறது. இது உண்மையல்ல.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைக் கடன் தகவல் பணியகத்திடம், அதாவது கிரிப்பிடம், கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. ஒழுங்காகக் கட்டியவர், பிந்தியவர் என்ற பேதமின்றி, வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் கடன் பெற்றவர்களின் கொடுப்பனவு வரலாறு அங்கே பதிவாகிறது, கடன் தருவதா மறுப்பதா என்பதை அந்தந்த வங்கியே தீர்மானிக்கிறது.

இந்தச் செய்தி செய்யும் கேட்டை நான் நேரில் கண்டேன். தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர், நான்காக மடித்த கடனட்டைக் கூற்றை விரித்துக் காட்டி, “பேர் கெட்டுப் போச்சே, இனிக் கட்டி என்ன பயன்?” என்று கேட்டார். சில நாள் தாமதமாக மட்டும் இருந்த கொடுப்பனவு, அந்த அச்சத்தாலேயே இரண்டு மாத நிலுவையாகியிருந்தது. தாமதக் கட்டணமும் வட்டியும் உடனே சேரும் என்பது மெய்தான். ஆயினும் 30, 60, 90 நாட்கள் என்று நிலுவை நீளும்போதே பதிவு பாரமாகிறது, வீட்டுக் கடன் கேட்கும் நாளில் அதுவே முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே பிந்திவிட்டவர்கள் குறைந்தபட்சத் தொகையையேனும் உடனே செலுத்தி, வங்கியுடன் பேச வேண்டும். தமது கடன் அறிக்கையை எவரும் கேட்டுப் பெறலாம்; அதில் பிழையிருந்தால் திருத்தக் கோரலாம்.