நூறு ரேண்ட் கத்தி வெச்சிருந்தா ரவுடி, ஆயிரக்கணக்குல போட்டு வாங்குனா கலெக்டரா?

எழுத வேணாம்னுதான் இருந்தேன். ஆனா நம்ம டர்பன் தமிழ்ச் சங்கத்து குரூப்புல, நான் கத்தியோட இருக்குற அந்த ஃபோட்டோவ போட்டவர் இன்னும் எடுக்கல, எடுக்குற மாதிரியும் தெரியல, அதுக்குக் கீழ சிரிப்பு எமோஜியும் பட்டாக்கத்தி மீமும் வந்து விழுந்துட்டே இருக்கு, நேத்து ராத்திரி ஊர்ல இருந்து என் சித்தி பையன் 'என்னண்ணே, டர்பன்ல தாதா ஆயிட்டியாமே'ன்னு வாய்ஸ் நோட் அனுப்புறான். அதனால எழுதுறேன். நீளமா போகும். பொறுமை இல்லாதவங்க இங்கயே ஸ்க்ரோல் பண்ணிக்கங்க.

நடந்தது என்னன்னு ப்ளூ லகூன் பிக்னிக்குக்கு வந்த அத்தன பேருக்கும் தெரியும், வராதவங்களுக்கும் இந்நேரம் கண்ணு காது மூக்கு வெச்சு போய்ச் சேர்ந்திருக்கும். நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. மாங்கா வெட்டுனேன். உப்பு மொளகாப்பொடி எல்லாம் எடுத்துட்டு வந்த மகராசிங்க கத்திய மட்டும் மறந்துட்டாங்க, பிளாஸ்டிக் கத்தி வெச்சு மாங்காவ நொண்டிட்டு இருந்தாங்க, நான் பாக்கெட்ல இருந்து என் ஒகாபிய (இங்க சல்லிசா கெடைக்குற மடக்குக் கத்தி) எடுத்து வெட்டிக் குடுத்தேன். எல்லாரும் நல்லா சப்புக் கொட்டி சாப்பிட்டாங்க. சாப்பிட்டு முடிச்ச கையோட ஃபோட்டோ. 'நம்ம சங்கத்தின் புதிய டான்'னு ஒரு கேப்ஷன் வேற.

சரி, ஜோக்குன்னு விட்டுடலாம். எனக்கும் சிரிக்கத் தெரியும். ஆனா இதே குரூப்புல ஒருத்தர் (பேர் வேணாம்) கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஆயிரக்கணக்குல போட்டு வாங்குன தன்னோட புது கிறிஸ் ரீவ் செபென்சா கத்திய பெட்டியோட ஃபோட்டோ புடிச்சு போட்டாரே, அப்ப என்ன சொன்னீங்க? 'வாவ் ஜி', 'செம டேஸ்ட் சார்', 'டைட்டானியம் கைப்பிடியா, சூப்பர்'. அதுவும் மடக்குக் கத்திதான சாமி? அதுவும் பாக்கெட்லதான போகுது? சொல்லப்போனா அந்த பிளேடு என்னோடதவிட பல மடங்கு ஒசத்தி ஸ்டீல், கூர்மையும் நின்னு பேசும். அவர் கலெக்டர். நான் டான். ரெண்டு கத்திக்கும் நடுவுல உங்க கண்ணுக்குத் தெரியுற ஒரே வித்தியாசம் விலைதான். இதைத்தான் இந்தப் பதிவு முழுக்க சொல்லப் போறேன், வேற புதுசா ஒண்ணும் இல்ல.

கிறிஸ் ரீவ் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. தென்னாப்பிரிக்காவுல கத்தி செய்ய ஆரம்பிச்சு 1989ல அமெரிக்காவுக்குப் போன மனுஷன், அவர் பேர்ல வர்ற கத்தி கலைதான். என் கோவம் கத்தி மேல இல்லங்குறத ஞாபகம் வெச்சுக்கங்க.

இப்ப ஒகாபி பத்தி. கமெண்ட் போட்டவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு அது என்னன்னே தெரியாது, எல்லாம் நியூஸ்ல பார்த்ததுதான். 1902ல ஜெர்மனியில சோலிங்கன்ல, ஆப்பிரிக்காவுல இருந்த அவங்க காலனிங்களுக்கு அனுப்பி விக்கிறதுக்குன்னே ஆரம்பிச்ச கத்தி இது. காங்கோ காட்டுல இருக்குற ஒட்டகச்சிவிங்கியோட சொந்தக்கார மிருகம் ஒகாபி, அத விஞ்ஞானிங்க கண்டுபுடிச்சு எழுதுனது 1901ல, அந்தப் பேரையே கத்திக்கும் வெச்சுட்டாங்க. 1988ல இங்க உள்ள கம்பெனி அந்தப் பேர வாங்கிடுச்சு, அதுல இருந்து இது இந்த நாட்டு சரக்கு. மரக் கைப்பிடி, அதுல நிலாவும் நட்சத்திரமும் தகட்டுல பதிச்சிருக்கும். முதுகுல ஒரு வளையம். தொறக்கும்போது கர்ர்ர்க்னு பல்லு பல்லா சத்தம் வரும், கடைசியில லாக் ஆகும், அந்த வளையத்த இழுத்தாத்தான் மடங்கும். அந்த சத்தத்த கேட்டுத்தான் நம்ம சங்கத்து அம்மா ஒருத்தங்களுக்கு தூக்கிவாரிப் போட்டுச்சாம். அம்மா, அது விரல் மேல பிளேடு மடங்காம இருக்குறதுக்கு வெச்ச லாக். உங்க பாதுகாப்புக்கு வர்ற சத்தம் அது.

விலை? ரெண்டு பன்னி சாவ் (ரொட்டிய குடைஞ்சு கொழம்பு ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு) வாங்குற காசுக்குள்ள முடிஞ்சிரும். அதுதான் பிரச்சன.

'துரு புடிச்ச கத்தியில வெட்டிக் குடுத்தான்'னு ஒருத்தர் எழுதியிருக்கார். அய்யா, அது துரு இல்ல. கார்பன் ஸ்டீல்ல மாங்கா, எலுமிச்சம்பழம் மாதிரி புளிப்பு பட்டா நீலமும் சாம்பலுமா ஒரு நிறம் ஏறும், அது ஏற ஏற செந்துரு லேசுல ஒட்டாது. சில்வர் மாதிரி பளபளன்னு இருந்தாத்தான் சுத்தம்னு நெனைக்கிறவங்க வீட்டுல இரும்பு தோசக்கல்ல என்ன பண்றாங்கன்னு தெரியல. துடைச்சு, லேசா எண்ணெ தடவி வெச்சாப் போதும். கூர் போச்சுன்னா பீங்கான் கப்ப கவுத்து வெச்சு, அடியில பாலிஷ் இல்லாத வளையம் இருக்குல்ல, அதுல நாலு தேய் தேய்ச்சா முடிஞ்சது. இந்த வசதியெல்லாம் செபென்சாக்காரருக்குக் கிடையாது, அவர் அத தேய்க்கவே பயப்படுவார்.

என்கிட்ட ஒகாபி மட்டும் இல்ல. ஓப்பினெல் இருக்கு, பிரான்ஸ்ல சவாய் மலைப்பக்கத்துல 1890ல ஜோசப் ஓப்பினெல்ங்குற கொல்லர் வீட்டுப் பையன் செய்ய ஆரம்பிச்சது. ஒரு பீச் மரத்துண்டு, ஒரு பிளேடு, ஒரு ஆணி, ஒரு வளையம், அவ்ளோதான் கத்தியே. அந்த லாக் வளையம்கூட 1955லதான் வந்துச்சு. நம்ம டர்பன் ஈரக்காத்துக்கு மரம் ஊறி உப்பிரும், பிளேடு வெளியவே வராம அடம் புடிக்கும், அப்ப கைப்பிடியோட பின்பக்கத்த மேசையில லேசா ஒரு தட்டு தட்டுனா பிளேடு தலைய நீட்டும். சவாய்க்காரங்க தட்டுற தட்டு அது, உம்லாங்கா பால்கனியில ஒரு திருநெல்வேலிக்காரன் தட்டுறான். போர்ச்சுகல்ல பலாசூலோன்னு ஒரு ஊர், அங்க செய்யுற மாம் (MAM) கத்தி ஒண்ணு ரெண்டு இருக்கு, அதுவும் மரக் கைப்பிடி, அதுவும் சல்லிசு. எல்லாத்தையும் சேர்த்து வித்தாலும் ஒரு செபென்சாவோட பெட்டி வாங்க முடியாது. 'எதுக்கு இத்தன, ஒண்ணு போதாதா'ன்னு கேக்குறவங்க வீட்டு பீரோவுல எத்தன சேல, எத்தன வாட்ச்சுன்னு நான் கேக்கல பாருங்க.

எங்க தாத்தா மடியில எப்பவும் வெத்தலப் பை இருக்கும், அதுக்குள்ள ஒரு மடக்குக் கத்தி. பாக்கு வெட்ட அதுதான், பனங்கிழங்கு உரிச்சுத் தர அதுதான், வாழ நார் கிழிக்க, என் பென்சில் சீவ, ஆச்சிக்கு மாத்திர பட்டைய வெட்டிக் குடுக்க எல்லாம் அதேதான். எங்க வாங்குனதோ, பிடி மரம் தேஞ்சு தேஞ்சு அவர் உள்ளங்கைக்குன்னு ஒரு வளைவு வந்திருக்கும், வேற யார் புடிச்சாலும் சரியா உக்காராது. அவர யாரும் ரவுடின்னு சொல்லல. அவர் செத்தப்புறம் அந்தக் கத்தி எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல, பெரியப்பா வீட்டுல கேட்டேன், 'அந்த துருப்புடிச்சதா, பழைய இரும்புக்குப் போட்டிருப்போம்'னாங்க. அதுக்கப்புறந்தான் நான் மரக் கைப்பிடி போட்ட கத்தி எங்க பார்த்தாலும் கையில எடுத்துப் பாக்க ஆரம்பிச்சது. சைக்காலஜி படிச்சவங்க குரூப்புல நெறைய பேர் இருக்கீங்க, நீங்களே ஒரு பேர் வெச்சுக்கங்க.

இப்ப ஆட்சேபணைகளுக்கு வருவோம், எல்லாம் வரிசையா தயாரா வெச்சிருப்பீங்கன்னு தெரியும்.

'குழந்தைங்க இருந்த இடம்.' சரி. அதே குழந்தைங்க இருந்த இடத்துல ப்ராய் அடுப்புல (கறி சுடுற அடுப்பு) கங்கு தகதகன்னு எரிஞ்சுட்டு இருந்துச்சு, ஒரு கம்பி கூட தடுப்பு இல்ல. அடுத்தது.

'சட்டப்படி குத்தம்.' இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். 2013ஆம் வருஷத்து ஆபத்தான ஆயுதங்கள் சட்டம், பதினஞ்சாம் நம்பர். படிச்சீங்களா? நான் படிச்சேன். தப்பு காரியத்துக்குப் பயன்படுத்தப் போறான்னு நியாயமா சந்தேகம் வர்ற சூழ்நிலையில வெச்சிருந்தாத்தான் குத்தம். மாங்கா, உப்பு, மொளகாப்பொடி, சுத்தி இருபது முப்பது சொந்தக்காரங்க மாதிரி ஆளுங்க, இதுல எந்த சூழ்நிலை சந்தேகத்துக்கு இடம் குடுக்குது? சட்டப்படியான வேலைக்கு விலக்கு இருக்கு, சமயம் பண்பாட்டு நிகழ்ச்சிக்கு விலக்கு இருக்கு, முறையா சேகரிக்கிறதுக்கும் விலக்கு இருக்கு. சேகரிக்கிறதுக்கு! அதுல இத்தன ரேண்டுக்கு மேல போனாத்தான் சேகரிப்புன்னு எங்கயும் எழுதல. சட்டத்துக்கே இல்லாத வெலப்பட்டியல் நம்ம சங்கத்துக்கு மட்டும் எங்க இருந்து வந்துச்சு?

'இந்த நாட்டு நெலவரம் தெரியாதா, ஒகாபின்னாலே கேங் கத்தி.' இது ஒண்ணுதான் யோசிக்க வேண்டிய கேள்வி, ஒத்துக்குறேன். அந்தக் கத்திக்கு அந்தப் பேர் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன், கேங்காரன் கையில அது இருந்திருக்கு, இருக்கு. ஏன்? ஏன்னா சல்லிசு, எங்கயும் கெடைக்கும். அதே காரணத்துக்குத்தான் மாடு மேய்க்கிறவர் கையிலயும் இருக்கு, தோட்ட வேல பாக்குறவர் கையிலயும் இருக்கு. குத்துறவன் எண்ணிக்கைய வெச்சு பேர் வெப்பீங்களா, பழம் வெட்டுறவன் எண்ணிக்கைய வெச்சு பேர் வெப்பீங்களா? சரி விடுங்க, இதுக்கு மேல இதுல வாதாடுனா நான் என்னமோ கேங்குக்கு வக்காலத்து வாங்குறேன்னு அடுத்த மீம் வரும்.

ஆமா, மீம். குரூப்ல அடுத்தடுத்து பாருங்க. நம்ம ஹீரோ ரத்தம் சொட்டச் சொட்ட ஆள் உயர அருவாளோட நிக்கிற ஃபர்ஸ்ட் லுக் வந்தா நெருப்பு எமோஜி, 'மாஸ்', 'வெறித்தனம்', பிள்ளைங்க பர்த்டேக்கு அந்த பிஜிஎம் வேற. மதுரவீரனுக்கும் முனீஸ்வரனுக்கும் பூச போடும்போது கையில இருக்குறது என்ன, விசிறியா? ஆயுத பூச அன்னிக்கு நீங்களேதான எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெக்கிறீங்க. நான் மாங்கா வெட்டுனா மட்டும் 'தமிழர் இமேஜ் போச்சு'.

எங்க ஆபீஸ்ல ஆஃப்ரிகானர் (டச்சு வழி வந்த வெள்ளக்காரர்) ஒருத்தர், மத்தியானம் ஆனா பில்டாங்க (உப்பு போட்டு காயவெச்ச கறி) எடுத்து வெப்பார், பாக்கெட்ல இருந்து கத்திய எடுத்து மெல்லிசா சீவிச் சீவி சுத்தி இருக்குறவங்களுக்கெல்லாம் குடுப்பார். நம்ம சங்கத்து ஆளுங்க ரெண்டு பேர் அங்கதான் வேல பாக்குறாங்க, வாயப் பொளந்துட்டு 'இவங்க கல்ச்சர் ப்ரோ'ன்னு வாங்கித் தின்னுருக்காங்க. அவர் கத்திக்கு கல்ச்சர். என் கத்திக்கு கேஸ்.

என் முத ஒகாபி வாங்கிக் குடுத்தது யாரு தெரியுமா? சாட்ஸ்வர்த் அங்கிள். அவர் குடும்பம் மேகசின் பேரக்ஸ்ல (இந்திய கார்ப்பரேஷன் தொழிலாளிங்க குடியிருப்பு) இருந்தது, அப்பா டர்பன் கார்ப்பரேஷன்ல கூலி, அறுபதுகள்ல நிறவெறி ஆட்சியில அங்க இருந்து கெளப்பி, இந்தியருக்குன்னே ஒதுக்குன சாட்ஸ்வர்த்துல கொண்டு போய் விட்டாங்க. அவருக்குத் தமிழ் நாலஞ்சு வார்த்ததான் வரும், ஆனா மார்கெட்டுக்குப் போனா கொத்தமல்லிக் கட்ட 'கொத்தமல்லி'ன்னுதான் கேப்பார். நான் வந்த புதுசுல என்னைக் கூட்டிட்டுப் போய் வார்விக் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில வாங்கிக் குடுத்து, கரும்ப எப்படி கணுவுல திருப்பி உரிக்கணும்னு காட்டிக் குடுத்தார், அவங்க தாத்தா காலத்துல இருந்து கரும்புக்காட்டுல பழகுன கை அது. எங்க ஆபீஸ் செக்யூரிட்டி பாபாவும் அதே கத்தியிலதான் ஆரஞ்சு உரிச்சு சாப்பிடுவார், என்னோடத பார்த்துட்டு வாங்கி பிளேட கட்டவிரல்ல தடவிப் பார்த்து 'நல்லா வெச்சிருக்க'ன்னு தலைய ஆட்டுனார். எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷம் எந்த லைக்குலயும் வராது.

இப்ப அந்த ஃபோட்டோவுக்குக் கீழ இருக்குற ஒரு கமெண்ட சொல்றேன். 'இதெல்லாம் டவுன்ஷிப் ஆளுங்க கத்தி, நம்ம மாதிரி படிச்சவங்க கையில எதுக்கு.' டவுன்ஷிப்னா நிறவெறிக் காலத்துல வெள்ளக்காரர் அல்லாதவங்கள ஒதுக்கி வெச்ச குடியிருப்பு. அந்தக் கமெண்ட்டுக்கு பதினாறு லைக். மத்த எல்லாத்தையும் நான் சிரிச்சுட்டு விட்டிருப்பேன், இது ஒண்ணுதான் தொண்டையில நிக்குது. அப்ப உங்களுக்கு கத்தியப் பார்த்து பயம் இல்ல. அத யார் வெச்சிருக்காங்களோ அவங்க மாதிரி நாமளும் தெரிஞ்சுருவோமோன்னு பயம். கேட்டுக்குள்ள வீடு, கேட்டுக்கு வெளிய கார்டு, பிள்ளைங்களுக்கு சாட்ஸ்வர்த் பிள்ளைங்க மாதிரி பேசாதன்னு டிரெயினிங். நூத்தறுபது வருஷத்துக்கு மேல, 1860ல கரும்புத் தோட்டக் கூலியா நம்ம ஆளுங்க ட்ரூரோ கப்பல்ல வந்து எறங்குனதுல இருந்து இந்த மண்ணுல கரும்பு வெட்டுனவங்க கையில இருந்தது கத்திதான, அவங்க வெட்டுன பாதையிலதான நாம விசா வாங்கி ஃபிளைட்ல வந்து எறங்குனோம், அவங்க கட்டுன கோயில்லதான தைப்பூசத்துக்கு செல்ஃபி எடுக்குறோம். அந்த கமெண்ட்டுக்கு லைக் போட்டவர்ல ஒருத்தர் அங்கிள் வீட்டு கல்யாணத்துக்கு வந்து பிரியாணி சாப்பிட்டவர்.

சங்கத் தலைவர் நேத்து ஃபோன் பண்ணார். 'தம்பி, மனசுல வெச்சுக்காத, அடுத்த தடவ கொஞ்சம் லோ ப்ரொஃபைலா இருந்துக்கோ'ன்னார். 'சரிண்ணே, அந்த ஃபோட்டோவ எடுக்கச் சொல்வீங்களா'ன்னு கேட்டேன். 'அதெல்லாம் எதுக்குப் பெருசாக்கிக்கிட்டு'ன்னார். வெச்சுட்டார்.

சரிண்ணே. பெருசாக்கல. அடுத்த மாசம் ஹால்ல சேர் எறக்க, சாம்பார் வாளி தூக்க, பேனர் கயிறு கட்ட ஆள் வேணும்னு வழக்கம் போல மெசேஜ் வரும்ல, கயிறு அறுக்க கத்தி இருக்கான்னு வழக்கம் போல என்னையத்தான கேப்பீங்க. இந்த தடவ செபென்சாக்காரருக்கு ஃபோன் போடுங்க. டைட்டானியம், நல்லா அறுக்கும்.