‘குழம்புக்கா, வறுவலுக்கா?’ என்று ஒயின் கடையில் மட்டும் ஏன் கேட்பதில்லை?

நாக்கு எரிந்தது ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று. 2,400 ரூபாய் போன வயிற்றெரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவிலிருந்து மச்சான் வந்திருந்தார். பெங்களூரில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. திண்டுக்கல்லிலிருந்து முந்தின நாளே வந்திறங்கிய மாமியார், சமையலறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். மட்டன் சுக்கா, எலும்புக் குழம்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, மிளகு ரசம். எனக்கு மிஞ்சியது ஒரே வேலை. “அண்ணனுக்கு நல்லதா ஒரு ரெட் ஒயின் வாங்கிட்டு வந்துடுங்க” என்றாள் மனைவி. சின்ன வேலைதானே என்று நானும் கிளம்பினேன்.

எங்கள் தெருமுனை இளநீர்க்காரர் அரிவாளை ஓங்குவதற்கு முன்னால் “தண்ணியா, வழுக்கையா?” என்று கேட்பார். மீன்கார அம்மா “குழம்புக்கா, வறுவலுக்கா?” என்று கேட்காமல் மீனைத் தொடமாட்டார். கறிக்கடை பாய்க்குப் பிரியாணியா சுக்காவா என்று தெரிந்தாக வேண்டும், அப்புறம்தான் கத்தி. ஒரு இளநீருக்குக் கிடைக்கிற இந்த மரியாதை 2,400 ரூபாய் பாட்டிலுக்குக் கிடையாது. ஏசி போட்ட கடை, மஞ்சள் விளக்கு, மரத் தட்டுகளில் நானூறு பாட்டில். (எங்கள் ஊரில் ஒயின் ஷாப் என்றால் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும் இடம். அந்த விதத்தில் பெங்களூர் பரவாயில்லை.) கழுத்தில் டை கட்டிய பையன் கேட்டது ஒரே கேள்விதான்: “பட்ஜெட் எவ்வளவு சார்?”

வீட்டில் என்ன சமையல் என்று நானாகச் சொன்னேன். சுக்கா என்ற வார்த்தை அவன் காதில் ஏறிய மாதிரியே தெரியவில்லை. கேபர்னே சாவின்யோன் என்ற ரெட் ஒயின் ஒன்றை எடுத்தான், வெளிநாட்டுச் சரக்கு. பாட்டிலைத் தலைகீழாக்கி, அடியில் இருக்கும் குழிக்குள் கட்டைவிரலை விட்டு, “எவ்வளவு ஆழம் பாருங்க சார், அப்படின்னா பிரீமியம்” என்றான். குழியின் ஆழத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது பாட்டில் செய்பவரின் விவகாரம். பின்பக்க லேபிளைத் திருப்பினேன். காரசாரமான இந்திய உணவுகளுடன் அருமையாகச் சேருமாம். ஓரத்தில் பொடி எழுத்தில் ஆல்கஹால் 14.5 சதவீதம். படித்தும் வாங்கினேன் பாருங்கள், என்னைத்தான் முதலில் உதைக்க வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் கிளாஸைச் சுழற்றினார், முகர்ந்தார், “பிளாக் கரன்ட் வாசனை” என்றார். சரி. சுக்காவில் ஒரு வாய், ஒயினில் ஒரு மடக்கு. அடுத்த நொடி அவர் கை தண்ணீர்ச் செம்பைத் தேடியது. எனக்குக் காதுவரை எரிந்தது. “இதயத்துக்கு நல்லதாமே, ஒரு வாய் பார்க்கிறேன்” என்று வாங்கிய மாமியார் முகம் சுருங்கிக் கேட்டார்: “என்ன மாப்பிள்ளை இது, கடுக்காய்க் கஷாயம் மாதிரி நாக்கை இழுக்குது?”

லட்சம் லட்சமாகச் செலவழித்து ஒயின் படித்துவிட்டு வருகிறவர்கள் இதையே ‘கிரிப்’, ‘ஸ்ட்ரக்சர்’ என்று சுற்றி வளைப்பார்கள். நம்மிடம் ஒரே சொல்லில் இருக்கிறது: துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, வாய் வறண்டு போகிறது. கடுக்காயிலும் அதே சரக்குதான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட ஊர்க்காரர் எங்கள் மாமியார், அவருக்கா தெரியாது? உப்புத் தூவி வாட்டிய கொழுத்த மாட்டிறைச்சித் துண்டு என்றால் அந்தப் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை வாங்கி வைத்துக்கொள்ளும். கேபர்னே அங்கே ராஜா. முந்திரி அரைத்த குருமாவில்கூட ஒருமாதிரி சமாளித்துவிடும். வரமிளகாயில் புரட்டிய சுக்காவில் அதற்கு என்ன வேலை?

இதோடு ஆல்கஹால் வேறு. நாக்கில் சூட்டை உணர்கிற அதே ஏற்பியைத்தான் மிளகாயின் கேப்சைசினும் தட்டி எழுப்புகிறது. சாதாரணமாக 42, 43 டிகிரியில் விழிக்க வேண்டிய அதை, ஆல்கஹால் இன்னும் குறைந்த சூட்டிலேயே உசுப்பிவிடும். 14.5 சதவீதம் என்றால் எரிகிற அடுப்பில் எண்ணெய். இது ஒன்றும் ரகசியம் இல்லை, ஒயின் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். தெரிந்தும் ‘இந்திய உணவுகளுடன் சேரும்’ என்று லேபிளில் அச்சடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

மாமியார் பேசாமல் எழுந்துபோய் நாலு ஐஸ் கட்டி கொண்டுவந்து தன் கிளாஸில் போட்டார். மச்சான் பதறிவிட்டார். “அம்மா, ரெட் ஒயின்ல ஐஸ் போடக் கூடாது. ரூம் டெம்பரேச்சர்லதான் குடிக்கணும்.”

“எந்த ரூம்ல?”

எங்கள் ஹாலில் அப்போது 33 டிகிரி, மின்விசிறி ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழமொழி ஐரோப்பாவின் கல் வீடுகளில், ஹீட்டர் வருவதற்கு முன்னால் பிறந்தது. அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. நம் ஊர் ஏப்ரலில் அப்படியே ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். ஐஸ் போட்டதும் நீர்த்துப் போனது என்னவோ உண்மை. ஆனால் அன்றைக்கு அந்த மேஜையில் ஒயினை முகம் சுளிக்காமல் குடித்தவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் இந்த ‘இந்திய உணவு’. அது எது, எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒயின் பொருத்தம் சொல்கிற கட்டுரைகளைத் திறந்தால் ஒன்று பட்டர் சிக்கன், இல்லாவிட்டால் டிக்கா மசாலா. அதோடு இந்தியா முடிந்துவிடும். புளிச்சக்கீரை போட்ட ஆந்திரா கோங்குரா மட்டனும், காஷ்மீர் ரோகன் ஜோஷும், வினிகரில் ஊறிய கோவா விந்தாலுவும் ஒரே பாட்டிலுக்குள் அடங்குமா? விந்தாலுவின் பெயரிலேயே போர்த்துகீசியரின் ஒயினும் பூண்டும் ஒளிந்திருக்கின்றன, அதற்குக்கூட ஒரு வரி கிடையாது. இன்னொரு கூட்டம் இருக்கிறது: இந்தியச் சாப்பாடா, ரெட்டே வேண்டாம், கொஞ்சம் இனிப்பான ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் குடி என்பார்கள். தப்பான யோசனை இல்லைதான். ஆனால் நான் கேட்டது ரெட். இட்லிக்குத் தொட்டுக்க என்ன என்றால் பூரி சாப்பிடு என்கிற கதை.

புளிக்குழம்பைப் பற்றி ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. புளியின் புளிப்பு பெரும்பாலும் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் முக்கியமான அமிலம் அதுவேதான். சில பாட்டில்களின் அடியில் கண்ணாடித் துகள் போலப் படிந்திருப்பது அந்த அமிலத்தின் உப்பு. இரண்டும் உறவுக்காரர்கள், ஆனால் தட்டில் இருக்கும் புளிப்பு கிளாஸில் இருப்பதை முந்திவிட்டால் ஒயின் சப்பென்று சாயத் தண்ணி ஆகிவிடும். அப்படியானால் நமக்கு வேண்டியது புளிப்பு தூக்கலாக, துவர்ப்பு குறைவாக, ஆல்கஹால் 13-ஐத் தாண்டாத ரெட். கமே, பார்பேரா, பினோ நுவார் மாதிரி திராட்சை ரகங்களில் செய்தது. அதையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அந்தப் பையனுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?

உள்ளூரிலேயே வழி இருக்கிறது. பெங்களூரிலிருந்து நந்தி மலைப் பக்கம் போனால் கண்ணெதிரே திராட்சைத் தோட்டம். மகாராஷ்டிராவில் அக்லூஜ் பக்கம் இத்தாலிக்காரர்களோடு சேர்ந்து சாஞ்சோவேசி நட்டிருக்கிறார்கள். இத்தாலியில் தக்காளிச் சாறோடு பழகிய ரகம் அது, நம் தக்காளித் தொக்குக்கு ஏன் கூடாது? ஷிராஸ் என்ற ரெட் ரகத்தில் மிளகு வாசனை என்பதும் வெறும் அளப்பு இல்லை. ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் கருமிளகிலும் அதிலும் மணக்கிறது, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். (ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது எட்டவே எட்டாது என்பது வேறு கதை.) மிளகு வறுவலுக்கு எடுத்துப் பார்க்கலாம், அதிலும் ஆல்கஹால் குறைந்ததாக. ஆனால் கடையில் இவையெல்லாம் முழங்கால் உயரத் தட்டில் கிடக்கும். கண் மட்டத்தில் இருப்பது இறக்குமதி. பல வருடங்களாக 150 சதவீதம் சுங்க வரி கட்டி வந்த இனம் அது, கொடுத்த விலையில் பெரும் பங்கு வரிக்கே போனது.

மறுநாள் அந்தக் கடைக்குப் போய் இதையெல்லாம் சொல்லலாம் என்று கிளம்பினேன். “விடுங்க, அடுத்த தடவை மோர் போதும்” என்றாள் மனைவி. மாமியார் மட்டும் ஊருக்குக் கிளம்பும்போது, மிச்சத்தைக் கொட்டிவிடாதே, கறி ஊறவைக்க ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். முக்கால் பாட்டில் ஃபிரிட்ஜ் கதவில் நிற்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். வாட்டிய கறியும் சீஸும் நீங்களே கொண்டுவர வேண்டும். மிளகாயோடு வந்தால் கதவு திறக்கமாட்டேன்.