திருடனுக்கு ஐந்து நிமிடம், எனக்கு மூன்று வாரம்

என் பழைய காரைத் திருட ஒரு துண்டு ஒயரும் ஐந்து நிமிடமும் போதும். ஸ்டீயரிங் பூட்டுகூடக் கிடையாது. அதைத் தடுக்க அலாரம் பொருத்தக் கிளம்பிய எனக்கோ மூன்று வாரம் போதவில்லை.

அலாரம் கேட்பது 12 வோல்ட், நெகட்டிவ் எர்த்; அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்திருக்க வேண்டும். என் காரோ அதற்கு நேர்மாறான பாசிட்டிவ் எர்த். அப்படியே இணைத்தால் புகைதான் வரும். பேட்டரியைத் திருப்பி, அதற்கு மின்னேற்றும் டைனமோவுக்குப் புதிய துருவம் ஏற்றி, எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் ஒயர்களை இடம் மாற்றினேன். (அம்மீட்டர் இன்னும் தலைகீழாகத்தான் காட்டுகிறது. நான் அதைப் பார்ப்பதில்லை.)

கதவு திறந்ததை அலாரத்துக்குச் சொல்ல வேண்டிய கதவு ஸ்விட்ச் என் காரில் ஓட்டுநர் பக்கம் மட்டும்தான். திருடன் மரியாதையாக அந்தப் பக்கம்தான் வருவான் என்று நினைத்தார்கள் போலும்!

அலாரம் விழித்திருக்க 20 மில்லிஆம்பியர் தின்கிறது. அற்பம் என்றுதான் நானும் நினைத்தேன். 30 நாள் நிறுத்திவைத்தால் பேட்டரியிலிருந்து 14 ஆம்பியர்-மணிக்கு மேல் (14 மணி நேரம் விடாமல் ஒரு ஆம்பியர் எடுத்ததற்குச் சமம்) போய்விடுகிறது. எப்போதாவது எடுக்கும் வண்டியில் பேட்டரியைக் களவாடுவது அலாரமேதான். அது போதாதென்று, காற்றடித்தாலே ஊரைக் கூட்டுகிறது.

கடைசியில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும் ஒரு சிறு ஸ்விட்சை ஒளித்துவைத்தேன். நேற்று வண்டி கிளம்பவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி, துடைத்து, மாட்டி முடித்த பிறகுதான் அந்த ஸ்விட்ச் நினைவுக்கு வந்தது.