சின்ன ஹெலிகாப்டர் என்றால் ஓட்டச் சுலபமா?

“ராபின்சன் ஆர்22 மிகச் சிறியது, அதனால் ஓட்டவும் மிக எளியது, பயிற்சிக்கென்றே செய்தது” என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. சிறியது என்பது சரி; எளியது என்பதும், பயிற்சிக்கென்றே செய்தது என்பதும் தவறு.

1979-இல் சான்று பெற்ற ஆர்22-வை ஃபிராங்க் ராபின்சன் தனிநபர் பயணத்துக்காகத்தான் வடிவமைத்தார். விலையும் செலவும் குறைவு என்பதால் பயிற்சிப் பள்ளிகள் அதை வாங்கிக் குவித்தன, அவ்வளவுதான்.

அதன் சுழலிறகு எடை குறைந்தது. அதில் தேங்கும் ஆற்றலும் குறைவு. எஞ்சின் நின்றால் ஒன்று, ஒன்றரை நொடிக்குள் கலெக்டிவ் நெம்புகோலை (எல்லா இறகுகளின் கோணத்தையும் ஒன்றாக மாற்றுவது) இறக்கியாக வேண்டும். தாமதித்தால் இறகின் சுழற்சி வேகம் குறைந்து, பிறகு மீளாது. மூன்று இறகு கொண்ட ஹியூஸ் 269 என்ற இன்னொரு சிறிய ஹெலிகாப்டர் இதில் கொஞ்சம் பொறுமைசாலி.

இன்னொரு ஆபத்து அதன் இரட்டை இறகு ஊசலாடும் அமைப்பில் (இரண்டு இறகும் சேர்ந்து தண்டின் உச்சியில் ஏற்றப்பலகைபோல ஆடும்) இருக்கிறது. பறக்கும்போது சைக்ளிக்கை (ஹெலிகாப்டரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் பிடி) சட்டென முன்னால் தள்ளினால் இறகின் மேல் பாரம் விலகி, உடல் தானாக வலப்பக்கம் உருளும். கை இயல்பாகவே இடப்பக்கம் இழுக்கும். அங்கேதான் வினை: இறகின் மையம் தண்டில் மோதி, தண்டே முறியலாம். முதலில் மென்மையாகப் பின்னால் இழுத்துப் பாரத்தை மீட்பதே சரி. இதனால்தான் அமெரிக்க விமானத்துறை 1995-இல் ஆர்22, அதைவிடப் பெரிய ராபின்சன் ஆர்44 இரண்டுக்கும் தனிப் பயிற்சி விதியே போட்டது.

சரி, மூன்று இறகுள்ள கேப்ரி ஜி2 என்ற சிறிய ஹெலிகாப்டர்? அதில் இந்த மோதல் பிரச்சினை இல்லை. ஆனால் இறகு எதிர்த்திசையில் சுழல்வதால் உடலும் மறுபக்கம் திரும்பப் பார்க்கும்; அதைத் தடுக்க, ஆர்22-வில் பழகிய கால்கள் தவறான பெடலைத் தேடும்.