சிறுநீர்த் தொந்தரவு இனம் பார்த்து வருமா?

"அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்குத்தான் சிறுநீர்த் தொந்தரவு, மற்றவர்கள் டாக்டரிடம் போகவே தேவையில்லை" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

பாஸ்டன் நகரில் 2002 முதல் 2005 வரை, 30 முதல் 79 வயதுவரையிலான கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், வெள்ளையர் என 5,503 ஆண் பெண்களை வீடு தேடிப்போய்க் கேட்டார்கள். 18.7 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது கடுமையான தொந்தரவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை. வயது ஏற ஏறத்தான் கூடியது.

குழப்பத்துக்குக் காரணம் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோயாக இருக்கலாம். அதனால் இறப்பவர்கள் விகிதம் அமெரிக்காவில் கறுப்பின ஆண்களிடம் வெள்ளையரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது உண்மைதான். ஆனால் இரவில் மூன்று முறை எழுவது, போய் நின்றும் உடனே வராமல் காத்திருப்பது, முடிந்ததென்று திரும்பினால் இரண்டு சொட்டு உடையில் விழுவது எல்லாம் ஆண்களுக்குப் பெரும்பாலும் வயதோடு புராஸ்டேட் பெருப்பது போன்ற, புற்றுநோய் அல்லாத காரணங்களால் வருபவை. புற்றுநோயோ ஆரம்பத்தில் அநேகமாக எந்த அறிகுறியும் காட்டாது. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

டாக்டரிடம் யார் போகிறார் என்பது வேறு கணக்கு. காப்பீடு இல்லாதவர் தள்ளிப்போடுவார். கூச்சப்படுபவர் சொல்லவே மாட்டார். "வயசானா இப்படித்தான்" என்று விடுபவர்கள் எல்லா இனத்திலும் உண்டு. கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணி நோய் யாருக்கு அதிகம் என்று சொல்ல முடியாது.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, முட்டிக்கொண்டும் சிறுநீர் வராமல் அடைத்தாலோ, எந்த இனத்தவரானாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.