எண்ணப்படாதவர்களுக்கு அரிசி இல்லை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று பேச்சு எடுத்தாலே நம் ஊரில் இரண்டு விஷயம்தான் ஓடுகிறது. ஒன்று தொகுதி மறுவரையறை, இன்னொன்று சாதி. இரண்டும் பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கெடுப்பில் அரிசி இருக்கிறது, கோடிக்கணக்கான பேரின் மாத அரிசி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிராமப்புறத்தில் 75 சதவீதம் பேர் வரைக்கும் நகர்ப்புறத்தில் 50 சதவீதம் பேர் வரைக்கும் ரேஷன் தானியம் பெறும் உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது, முன்னுரிமைக் குடும்பம் என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டு என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. சரி, இந்தச் சதவீதத்தை எந்த மக்கள்தொகையில் கணக்குப் போடுவது? அதையும் சட்டமே சொல்லிவிட்டது, கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி. அப்போது கையில் இருந்தது 2011 கணக்கு, 121 கோடி பேர். அதிலிருந்து வந்த எண் 81 கோடியே 35 லட்சம். அதை மாநிலத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, அவரவருக்கு ஓர் உச்சவரம்பு போட்டுக் கொடுத்தார்கள்.

பத்து வருடத்துக்கு ஒருமுறை எண் புதுசாகிவிடும் என்ற நம்பிக்கையில் எழுதிய சட்டம் அது. நம்பாமல் எப்படி இருப்பார்கள்? 1881-இலிருந்து இந்தியாவில் இந்தக் கணக்கெடுப்பு தவறியதே இல்லை. 1941-இல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, அப்போதும் சுருக்கமாகவாவது எடுத்தார்கள். 1951-இல் பிரிவினையின் ரணம் ஆறவில்லை, அகதி முகாம்களில் லட்சக்கணக்கான பேர் இருந்தார்கள், எடுத்தார்கள். 1981-இல் அசாமில் முடியவில்லை, 1991-இல் ஜம்மு காஷ்மீரில் முடியவில்லை, நாட்டின் மற்ற பகுதிகளில் எடுத்தார்கள். 2021-இல்தான் மொத்தமாக நின்றது.

கொரோனா என்றார்கள். 2020 மார்ச்சில் தள்ளி வைத்தது நியாயம்தான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதற்கு அப்புறம்? சீனா 2020 நவம்பரில் எடுத்து முடித்தது. நேபாளம் 2021-இல், வங்கதேசம் 2022-இல், பாகிஸ்தான் 2023-இல் எடுத்தன. பெட்ரோலுக்கு வரிசையில் நின்று, அரசாங்கமே கவிழ்ந்து எழுந்த இலங்கைகூட 2024-இல் தொடங்கிவிட்டது. நாம் தேர்தல்கள் நடத்தினோம், கும்பமேளா நடத்தினோம், ஜி20 மாநாடு நடத்தினோம். வீடு வீடாகப் போய் ஆட்களை எண்ணுவதை மட்டும் மறுபடி மறுபடி தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் 2025 ஜூனில்தான் அறிவிக்கை வந்தது. 2027 மார்ச் 1 தான் கணக்கு நாள். எண்ணி, சரிபார்த்து, வெளியிட்டு, அதை வைத்து மாநிலங்களுக்குப் புது வரம்பு போட்டு, அது ஒரு குக்கிராமத்து ரேஷன் கடை வரைக்கும் போய்ச் சேர இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2011 கணக்கெடுப்புக்கு அப்புறம் பிறந்த குழந்தைகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். ரேஷன் வரம்பைப் பொறுத்தவரை அவர்கள் பிறக்கவே இல்லை.

இது வெறும் புள்ளிவிவரப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்காக, நான் பார்த்ததைச் சொல்கிறேன். திருப்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் லைன் வீடுகள் இருக்கின்றன. ஒற்றை அறை, வாசலிலேயே அடுப்பு, ஏழெட்டு வீட்டுக்கு ஒரு கழிவறை. முக்கால்வாசி வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள். அதில் ஒரு பெண், ஜார்க்கண்டில் கும்லா பக்கம் ஏதோ கிராமம், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார், ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி வந்துதான் சமையல். ஒருநாள் போனை எடுத்து ரேஷன் கார்டின் படத்தைக் காட்டினார். குடும்பத் தலைவி மாமியார். அப்புறம் மாமனார் பெயர், கணவர் பெயர். அவ்வளவுதான், மூன்று பேர். கல்யாணமாகி வந்த இவர் பெயர் இல்லை, இரண்டு பிள்ளைகள் பெயர் இல்லை. மனு கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கொடுத்தார்களாம், போன தடவை ஊருக்குப் போனபோதும் கொடுத்தார்களாம். அங்கே சொன்ன பதில்: "கோட்டா முடிந்துவிட்டது. யார் பெயராவது நீக்கினால் இடம் வரும், அப்போது பார்க்கலாம்."

யார் பெயராவது நீக்கினால். அதாவது அந்த ஊரில் யாராவது செத்தால்தான் இந்தக் குழந்தைக்கு 5 கிலோ அரிசி. இந்தப் பதிலைச் சொன்னவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கையில் இருப்பது மேலிருந்து வந்த எண், அதைத் தாண்டி அவரால் ஒரு பெயரைக்கூட ஏற்ற முடியாது.

ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு இருக்கிறதே, இங்கேயே வாங்கலாமே என்று கேட்பீர்கள். திட்டம் நல்ல திட்டம், தமிழ்நாடும் 2020-லேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அதில் வாங்கக் கார்டில் பெயர் இருக்க வேண்டும். இந்த வீட்டில் கணவர் ஒருவருக்குத்தான் பெயர் இருக்கிறது. அவர் போய்க் கைரேகை வைத்தால் அவர் பங்கு 5 கிலோ கிடைக்கும், அதுவும் ஊரில் இருப்பவர்கள் அதை ஏற்கெனவே எடுக்காமல் இருந்தால். இரண்டு வேளையும் சோறு தின்கிற நாலு பேருக்கு 5 கிலோ அரிசி எத்தனை நாள் வரும்? ஒரு வாரம் தாண்டாது. மீதியை மளிகைக் கடையில்தான் வாங்குகிறார்கள், கிலோ 50 ரூபாய் கொடுத்து.

இந்த மாதிரி எத்தனை பேர்? பொருளாதார அறிஞர்கள் ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா இருவரும் 2020-லேயே பத்து கோடிக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். பெரிய வித்தையெல்லாம் இல்லை, நாமே போட்டுப் பார்க்கலாம். 121 கோடியில் மூன்றில் இரண்டு பங்கு 81 கோடி. இன்றைக்கு நாட்டில் 140 கோடிக்கு மேல் இருக்கிறோம், அதில் மூன்றில் இரண்டு பங்கு 93 கோடியைத் தாண்டும். நடுவில் விழுந்த அந்தப் பன்னிரண்டு கோடிச் சொச்சம் பேருக்குச் சட்டம் சொல்லும் சதவீதப்படி இடம் இருந்திருக்க வேண்டும், ஆனால் கார்டு இல்லை. "80 கோடி பேருக்கு இலவச அரிசி கொடுக்கிறோம்" என்று ஒவ்வொரு மேடையிலும் கேட்கிறோமே, அது பத்து வருடத்துக்கும் மேலாக ஏறாமல் நிற்கிற எண் என்பதை யாராவது சொல்கிறார்களா?

உச்ச நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. 2011 கணக்கைப் பிடித்துக்கொண்டு ஏழைகளை வெளியே நிறுத்தக் கூடாது என்று 2022-இல் சொன்னது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்த 28 கோடிச் சொச்சம் தொழிலாளர்களில் ஏறக்குறைய 8 கோடிப் பேருக்கு ரேஷன் கார்டு இல்லை என்று தெரிந்ததும் அவர்களுக்குக் கார்டு கொடுங்கள் என்று 2023-இல் உத்தரவிட்டது, நடக்கவில்லை என்றதும் 2024 மார்ச்சில் மறுபடி இரண்டு மாதக் கெடு விதித்தது, அக்டோபரில் இதுதான் கடைசி வாய்ப்பு என்று எச்சரித்தது. நீதிமன்றம் இவ்வளவு சொல்லியும் அந்த 81 கோடியே 35 லட்சம் என்ற வரம்பை உயர்த்தவில்லை.

தானியம் இல்லையா? இருக்கிறது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அரிசி இருப்பு, வைத்திருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு. எவ்வளவு மிச்சம் என்றால், 2024-25 எத்தனால் ஆண்டில் அந்தக் கிடங்கு அரிசியில் 52 லட்சம் டன்னை, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காய்ச்ச ஒதுக்கினார்கள், கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு. பத்து கோடிப் பேருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ என்று வருடம் முழுக்கக் கொடுத்தால் ஆகும் அரிசி 60 லட்சம் டன். கிட்டத்தட்ட அதே அளவு. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வண்டி டாங்கிக்கு ஒதுக்க முடிகிறது, லைன் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒதுக்க முடியவில்லை.

எண் இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லை என்பதை 2020-லேயே பார்த்துவிட்டோம். ஊரடங்கில் நடந்தே ஊருக்குப் போனவர்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். மே 8-ஆம் தேதி மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் பக்கத்தில் தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறியது, அவர்கள் வழிக்குக் கட்டிக்கொண்டு போன ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன. அந்த செப்டம்பரில் நாடாளுமன்றம் கூடியபோது, ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள், இழப்பீடு உண்டா என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் கொடுத்தது. எண்ணவில்லை, அதனால் கொடுக்க வேண்டியதில்லை. ரேஷனிலும் நடப்பது இதேதான்.

அரிசியோடு முடிவதும் இல்லை. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. எந்த 30,000? அங்கன்வாடியும் மக்கள்தொகையை வைத்துத்தான். 2011-இல் கிராமம் என்று எழுதிய எத்தனையோ இடங்கள் இன்று மாடி மேல் மாடியாக நிற்கின்றன, காகிதத்தில் இன்னும் கிராமம். அந்தச் சுகாதார நிலையத்தில் ஊசி போட நிற்கும் வரிசை காலையிலேயே வாசலைத் தாண்டிவிடும், உள்ளே இருக்கும் செவிலியர் எண்ணிக்கை பழைய கணக்குக்கு.

இனி நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் வாதத்துக்கு வருகிறேன். கணக்கெடுப்பு தள்ளிப்போனால் நமக்கு நல்லதுதானே, எடுத்தால் தொகுதி மறுவரையறை வரும், நம் எம்.பி. எண்ணிக்கையின் பங்கு குறையும் என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. எந்த மாநிலத்துக்கு எத்தனை மக்களவைத் தொகுதி என்பது 1971 கணக்கின்படியே நிற்கிறது, அரசியல் சட்டத்தின் 84-ஆவது திருத்தம் 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அதை நிறுத்தி வைத்தது, குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலத்துக்குத் தண்டனையா என்று நாம் கேட்பதில் தவறே இல்லை. அதற்காகப் போராட வேண்டும், நானும் நிற்பேன். ஆனால் அதற்கு விலையாக ஜார்க்கண்டிலும் பீகாரிலும் இருக்கும் குழந்தையின் 5 கிலோவைக் கேட்காதீர்கள். தொகுதியை எப்படிப் பிரிப்பது என்பது அரசியல் சட்டத்தில் தீர்க்க வேண்டிய வேலை, அதற்கும் ஆட்களை எண்ணுவதற்கும் முடிச்சுப் போட்டதே தப்பு. 2023-இல் நிறைவேறிய பெண்கள் இடஒதுக்கீட்டுச் சட்டத்திலும் இதே முடிச்சைப் போட்டார்கள்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். 1997-இல் வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று ரேஷனைப் பிரித்தபோது நாம் மறுத்தோம், கார்டு வைத்திருப்பவர் எல்லோருக்கும் கடை திறந்தே இருந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும் அதை விடவில்லை, மத்திய அரசின் வரம்பு நம் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான், மீதிப் பேருக்கு மாநில அரசு தன் பணத்தில் கொடுக்கிறது. அதனால்தான் இந்தக் கோட்டா வலி நமக்குத் தெரியாமல் போனது. எல்லோருக்கும் என்று வைத்தால் யாரை விடுவது என்ற கேள்வியே வராது, பொய்ச் சான்றிதழும் வேண்டாம், யார் ஏழை என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் வேண்டாம். ஜார்க்கண்டும் ஒடிசாவும்கூட விடுபட்டவர்களுக்கென்று மாநிலப் பணத்தில் தனிக் கார்டு கொடுத்துப் பார்க்கின்றன, ஆனால் அந்த மாநிலங்களின் கஜானாவுக்கு நம்முடைய பலம் கிடையாது. மத்திய அரசு செய்ய வேண்டியது புதுக் கணக்கு வரும் வரை காத்திருப்பது அல்ல. மதிப்பீட்டு மக்கள்தொகையை வைத்து இன்றே வரம்பை உயர்த்தலாம், சட்டத்தின் வரி குறுக்கே நின்றால் அந்த வரியைத் திருத்தலாம். எத்தனையோ மசோதாக்கள் ஒரே நாளில் நிறைவேறுவதைப் பார்த்தவர்கள்தானே நாம்.

நம் அரசுக்கும் ஒரு கோரிக்கை: பல வருடமாக இங்கேயே குடியிருந்து, இங்கேயே பிள்ளையைப் படிக்க வைக்கும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கு, சொந்த ஊர்க் கார்டில் பெயர் இல்லாத குழந்தைகளுக்காவது, இங்கே ரேஷன் கொடுக்க வழி செய்யுங்கள். நம் பனியனைத் தைப்பது அவர்கள் கைதான்.

அப்புறம் இதைப் படிக்கும் உங்களுக்கு. கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளி ஆசிரியராகத்தான் இருப்பார், பகலில் வருவார். லைன் வீடுகள் பகலில் பூட்டித்தான் கிடக்கும், எல்லோரும் கம்பெனியில் இருப்பார்கள். வீட்டு உரிமையாளர் வாடகைக் கணக்கு வெளியே தெரிந்துவிடும் என்று "யாரும் இல்லை" என்று சொல்லி அனுப்பவும் வாய்ப்பு உண்டு. பின்னால் இத்தனை குடும்பம் இருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்தால் ஆள் இருப்பார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிக் கேளுங்கள், கூடவே போய்க் கதவைத் தட்டுங்கள், இந்தி தெரிந்த பையன் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்கமாக எங்கே வசிக்கிறார்களோ அங்கேதான் எண்ண வேண்டும் என்பது விதி, அவர்கள் ஊரில் எண்ணிக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.