வகுப்பு முழுவதும் நுவரெலியாவுக்கா போனது?

நேற்று மாலை, பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகன் இரண்டாம் தவணை ஆங்கில விடைத்தாளை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபடி வந்து நின்றான். கடிதத்துக்குப் பத்துக்கு மூன்று புள்ளி. ‘நீ போய்வந்த பயணம் ஒன்றைப் பற்றி நண்பனுக்கு ஏறத்தாழ நூறு சொற்களில் கடிதம் எழுதுக’ என்ற அந்தக் கேள்வியால் வயிறெரியாத பெற்றோர் எவரும் இருக்க மாட்டார்கள்.

சிவப்புப் பேனை முதலில் விழுந்த இடம் முகவரி. முத்தையன்கட்டு இடதுகரை, ஒட்டுசுட்டான் என்று எழுதியிருக்கிறான். அதைச் சுற்றி வட்டமிட்டு, வீட்டிலக்கமும் வீதியின் பெயரும் எங்கே என்று கேட்கப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இலக்கம் இல்லை, முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் ஓரத்து மண்பாதைக்குப் பெயரும் இல்லை. இந்த முகவரிக்குத்தான் வங்கிக் கடிதம் முதல் கலியாண அழைப்பு வரை தவறாமல் வந்து சேர்கின்றன. தபால்காரருக்குப் போதுமான முகவரி பரீட்சைத் தாளுக்கு ஏன் போதவில்லை?

அவன் எழுதியது, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போன கதை. மாமாவின் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி உட்கார்ந்ததையும், மண்பாதைப் புழுதி படாமல் அம்மம்மா தன் சேலைத் தலைப்பால் அவன் முகத்தை மூடியதையும், முள்ளியவளை தாண்டியபோது அவள் கும்பிடத் தொடங்கியதையும் எழுதியிருக்கிறான். ‘அம்மம்மா’ என்ற சொல் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பொங்கலில் எண்ணெய்க்குப் பதிலாகக் கடல்நீரில் விளக்கெரியும் என்ற வரியின் கீழே இரட்டைக்கோடு, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி! முல்லைத்தீவு மாவட்டத்துப் பிள்ளையின் தாளைத் திருத்துகிறவருக்கு அது தெரியாவிட்டால், வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். கடைசியில், இது சுற்றுலா அல்ல, தலைப்புக்குப் புறம்பானது என்று ஒரு குறிப்பு. இறந்தகாலத்தில் எழுத வேண்டிய நான்கு வினைகளை அவன் நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறான். அதற்குப் புள்ளி வெட்டட்டும், வெட்டத்தான் வேண்டும். அம்மம்மாவை ஏன் வெட்ட வேண்டும்?

வகுப்பின் மற்றப் பிள்ளைகள், தனியார் கல்வி நிலையத்தில் சொல்லிக்கொடுத்த கடிதத்தை மனப்பாடம் செய்து, அத்தனை பேரும் ஒரே வான் வண்டியில் நுவரெலியாவுக்குப் போய், ஒரே கிறகரி வாவியில் படகோடி, ஒரே குளிரில் நடுங்கி, எட்டும் ஒன்பதும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் மலைநாட்டைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டு மூன்று பேர்கூட இருப்பார்களா தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள்மீது எனக்குக் கோபமில்லை. சாதாரண தரப் பரீட்சையிலும் இப்படித்தான் கேட்பார்கள், மனப்பாடம் செய்தால் தப்பலாம் என்று பெரியவர்கள்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கடிதம் என்றால் என்னவென்று இந்த மண்ணுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 ஆகஸ்டில், வன்னியை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் ஏ9 பாதை போரால் மூடப்பட்டபோது என் அக்கா யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக்கொண்டாள். செஞ்சிலுவைப் படிவத்தில்தான் அவளுக்கு எழுதினோம். அதற்கு உறை இல்லை, யாரும் படிக்கலாம், குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். சிவப்பிப் பசு கன்று போட்டிருக்கிறது, கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது என்று அம்மா எழுதினாள். நாங்கள் எல்லோரும் உயிரோடு வீட்டில்தான் இருக்கிறோம் என்பதை அந்த இரண்டு வரியில் அக்கா அறிந்துகொண்டாள். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறாள். அதை எழுதிய அம்மாதான் என் மகனின் அம்மம்மா, அந்தச் சிவப்புப் பேனை வெட்டிய அம்மம்மா.

இரவு சாப்பிட்ட கையோடு அவன் நண்பனின் கொப்பியை வாங்கிவந்து விளக்கடியில் உட்கார்ந்தான். குளிராக இருந்தது, குளிராக இருந்தது என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவன், நடுவில் நிறுத்தி, “அம்மா, கிறகரி வாவி எங்கட குளத்தை விடப் பெரிசா?” என்று கேட்டான்.